தனி டம்ளர் யாரைக் காப்பாற்றுகிறது?

கோர்வை போட்ட காஞ்சிபுரம் பட்டுப் புடவையை ஒருவர் தனியாக நெய்துவிட முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று மூன்று நாடாக்கள் ஓடும் தறி அது. நெசவாளர் ஒரு பக்கம் உட்கார்ந்தால், அடுத்த பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். காஞ்சிபுரத்தின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்து வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவியாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், கூலிக்கு வந்தவராகவும் இருக்கலாம். ஒரே குழித்தறி, முழங்கை உரசும் நெருக்கம், ஒரே குடத்துத் தண்ணீர், கடையிலிருந்து வரும் ஒரே தூக்கு டீ. அறுந்த இழையை முடிச்சுப் போடும்போது விரல் கீறிக்கொள்வதும் உண்டு. இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தால் என்ன செய்வது? பல வீடுகளில் முதலில் நடப்பது, அவருக்கென்று ஒரு டம்ளரையும் தட்டையும் ஒதுக்கி வைப்பது. கொடுமை செய்ய வேண்டும் என்று நினைத்து யாரும் அதைச் செய்வதில்லை. ‘எதுக்கு வம்பு, ஜாக்கிரதையா இருந்துட்டுப் போவோமே’ என்ற நினைப்புதான். அந்த ஜாக்கிரதையால் ஒருவருக்கும் பாதுகாப்பு கிடையாது. அதோடு, உண்மையில் தொற்றும் வழிகளில் இருக்கிற ஆபத்தை அது கூட்டிவிடுகிறது. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் அதிகம் யோசித்துப் பார்ப்பதில்லை.

முதலில் வைரஸைப் பற்றி. எச்.ஐ.வி. நம் உடலின் நோய் எதிர்ப்புக்குப் பொறுப்பான ஒருவகை வெள்ளை அணுக்களுக்குள் புகுந்துதான் பெருக முடியும். அந்த அணுக்கள் இல்லாத இடத்தில் அதற்குப் பிழைப்பு இல்லை. தொற்றை உண்டாக்கும் அளவுக்கு அது இருப்பது ரத்தத்திலும், விந்திலும், பெண்ணுறுப்பு மற்றும் ஆசனவாய்ச் சுரப்புகளிலும், தாய்ப்பாலிலும்தான். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் ஆகியவற்றால் அது பரவுவதில்லை. எச்சிலில் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் பொருட்களே இருக்கின்றன. இன்னொரு நிபந்தனையும் உண்டு: தொற்றுள்ள திரவம் வெளியே வந்தால் மட்டும் போதாது, அது இன்னொருவரின் ரத்தத்துக்குள்ளோ, உறுப்புகளின் மெல்லிய ஈரத்தோலுக்குள்ளோ போயாக வேண்டும். கிழியாத தோலை அதனால் தாண்ட முடியாது. அதனால் பரவும் வழிகள் மூன்றோடு நின்றுவிடுகின்றன. ஆணுறை இல்லாத உடலுறவு ஒன்று. தொற்றுள்ள ரத்தமும் அது ஒட்டிய ஊசியும் இரண்டாவது. கருவிலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது மூன்றாவது.

இது ஏட்டுக் கணக்கா, வீட்டுக்குள்ளும் இப்படித்தானா என்று கேட்பது நியாயமான கேள்வி. எய்ட்ஸ் என்ற பெயரே உலகை நடுங்க வைத்துக்கொண்டிருந்த காலத்தில் நியூயார்க் மருத்துவர்கள் இதே கேள்வியோடு நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். 1986-இல் வெளியான அந்த ஆய்வில் 39 நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரைப் பரிசோதித்தார்கள். கணவன் மனைவி உறவில் இருந்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள், நெருக்கடியான வீடுகள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒரே கழிப்பறையையும் குளியலறையையும் பயன்படுத்தியவர்கள், துண்டும் சீப்பும் பகிர்ந்தவர்கள், நோயாளியைக் குளிப்பாட்டியவர்கள், கட்டியணைத்து முத்தமிட்டவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். தொற்று இருந்தது ஒரே ஒரு குழந்தைக்கு. அதுவும் தாயிடமிருந்து பிறவியிலேயே வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அதற்குப் பின் வந்த வீட்டு ஆய்வுகளும் இதையேதான் சொல்லின. கழிப்பறையையும் துண்டையும் பகிர்ந்தவர்களுக்கே வராதது டம்ளர் வழியாக வந்துவிடுமா?

அந்த 1986-ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதும் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் நம் மாநிலத்தில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அதன்பிறகு நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய மருத்துவமனைகள் பல. சேர்த்துக்கொண்ட இடங்களில் முக்கியமானது தாம்பரம் சானடோரியம். காசநோய்க்காக 1928-இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனை 2019 வரை காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள்தான் இருந்தது. பல்லாயிரம் எச்.ஐ.வி. நோயாளிகள் அங்கே படுத்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் மனைவிகளும் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்து, வாந்தியைத் துடைத்து, துணியைத் துவைத்து, மிச்சம் வைத்த சாப்பாட்டைத் தாங்களே சாப்பிட்டிருக்கிறார்கள். பணிவிடையால் இந்த நோய் ஒட்டும் என்றால் அதை முதலில் காட்டியிருக்க வேண்டியவை அந்த வார்டுகள்தான்.

காஞ்சிபுரத்தின் அன்றாடத்துக்கே வருவோம். தறியில் விரல் கீறி ஒரு சொட்டு ரத்தம் பாவில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். துணியில் விழுந்த சொட்டு காயத் தொடங்கியதுமே வைரஸும் மடியத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் பெரும்பகுதி செயலிழந்துவிடும். காய்ந்த கறையைத் தொட்டவருக்கோ, அந்தப் புடவையை ஆறு மாதம் கழித்துக் கட்டப்போகும் மணப்பெண்ணுக்கோ அதனால் எதுவும் ஆகாது. கீறியவர் விரலைக் கழுவிச் சின்னதாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி உட்காரலாம்; யாருக்கு ரத்தம் வந்தாலும் செய்ய வேண்டியது அதுதானே. மெஸ்ஸில் காய் நறுக்கும்போது சமையல்காரர் விரலை வெட்டிக்கொண்டால்? சுத்தம் கருதி அந்தக் காயைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஆனால் எச்.ஐ.வி.க்காக அஞ்ச வேண்டியதில்லை, அடுப்புச் சூட்டில் அது நிற்காது. கோயிலில் கையில் வாங்கிக் குடிக்கும் தீர்த்தம், தலைக்குத் தலை மாறி வைக்கப்படும் சடாரி, குளத்தில் குளியல், பேருந்து நெரிசல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். 2019-இல் அத்திவரதர் தரிசனத்தின்போது 48 நாட்களில் ஒரு கோடிப் பேர் அளவுக்கு இந்த ஊருக்கு வந்து போனதாகச் சொல்லப்பட்டது. வியர்வையில் நனைந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கிடைத்த பாத்திரத்தில் தண்ணீர் குடித்த கூட்டம். அப்படிப்பட்ட கூட்டத்தில் சளி பரவும், காசநோய் பரவும், அசுத்தத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வரும். எச்.ஐ.வி.க்கு அங்கே வழியில்லை.

கொசு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கொசுவைக் கண்டு பயப்படக் காஞ்சிபுரத்துக்கு நல்ல காரணம் உண்டு. யானைக்கால் நோய் நீண்டகாலம் ஆட்டிப்படைத்த பகுதி இது. வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்து விழுங்க வைத்தது பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். ‘யானைக்காலைப் பரப்பும் கொசு எச்.ஐ.வி.யை மட்டும் பரப்பாதா?’ என்ற கேள்வி இங்கே எழுந்தால் அதில் தப்பே இல்லை. யானைக்கால் நோயின் நுண்புழு கொசுவின் வயிற்றுக்குள் போனதும் அங்கே வளர்கிறது, பருவம் மாறுகிறது, பத்துப் பன்னிரண்டு நாளில் கொசுவின் வாய்ப்பகுதிக்கு வந்து அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறது. கொசு அந்தப் புழுவுக்கு ஒரு வீடு. மலேரியாக் கிருமிக்கும் டெங்கு வைரஸுக்கும் அப்படித்தான். எச்.ஐ.வி.க்குத் தேவையான மனித வெள்ளை அணு கொசுவின் உடலில் கிடையாது. குடித்த ரத்தத்தோடு சேர்ந்து அதுவும் செரித்துப்போகிறது. கொசு அடுத்தவரைக் கடிக்கும்போது உள்ளே விடுவது தன் உமிழ்நீரை. முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. இதை ஆய்வகத்துக்குப் போகாமலே சரிபார்க்கவும் முடியும். கொசு சின்னப் பிள்ளை, கிழவர் என்று பார்த்துக் கடிப்பதில்லை. கொசுவால் பரவியிருந்தால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் எழுபது வயதுக்காரர்களும் இளைஞர்களுக்குச் சமமாகப் பாதிக்கப்பட்டிருப்பார்கள். உலகில் எங்குமே நோய் அப்படிப் பரவவில்லை. தாயிடமிருந்து தொற்று பெற்ற குழந்தைகளைத் தவிர்த்தால், அது உடலுறவுக்கு உரிய வயதையும் ஊசி போகும் வழியையும் பின்தொடர்ந்தே போயிருக்கிறது.

அப்படியானால் ஒழுங்காக வாழ்கிறவர்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தசோகைக்காகச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் தந்த இளைஞர் அதற்கு முன்பும் கொடையளித்தவர். 2016-லேயே அவர் ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. தனக்கு இருப்பது தெரியாமலே அவர் மறுபடியும் ரத்தம் கொடுத்தார், அந்த முறை பரிசோதனையும் கோட்டைவிட்டது. தொற்றுள்ள ரத்தம் ஏற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் நோய் வந்துவிடும். அதே 2018-இன் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் போலி மருத்துவர் ஒருவர் ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதால் டஜன் கணக்கானோர் பாதிக்கப்பட்டதாகத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரத்தோதேரோ என்ற ஊரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தொற்று. பயன்படுத்திய ஊசிக்குழல்களையே திரும்பப் பயன்படுத்தியது அங்கே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஊசிக்குழலுக்குள் தங்கும் ரத்தம் உலர்வதில்லை. வாரக்கணக்கில்கூட வைரஸ் அதில் உயிர்ப்போடு இருக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இந்த மூன்று ஊர்களிலும் யாரும் யாருடைய டம்ளரிலும் குடித்ததால் நோயாளி ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தொட்ட பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் நாம், காய்ச்சல் என்று போனால் ‘ஒரு ஊசி போட்டு விட்ருங்க டாக்டர்’ என்று நாமே கேட்கிறோம். உறை பிரித்த புது ஊசியா என்று பார்ப்பதில்லை. நம் பயம் தவறான பக்கம் திரும்பி நிற்கிறது என்று சொல்வது இதனால்தான்.

முடிதிருத்தும் கடையைப் பற்றியும் கேட்பார்கள். எச்.ஐ.வி. அந்த வழியில் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனாலும் புது பிளேடு கேட்பது நல்லது, ஏனென்றால் அதைவிடச் சுலபமாகப் பரவும் மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி இருக்கிறது. மொட்டை போடும் இடம், காது குத்துமிடம், பச்சை குத்துமிடம் எல்லாவற்றிலும் இதே விதிதான். சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் வீட்டுக்குள்ளேயே யாரோடும் பகிராமல் இருப்பது சரி. ரத்தம் படக்கூடிய பொருட்கள் அவை. உலகம் முழுவதும் எச்.ஐ.வி. வீட்டுக்குள் பரவியதாகப் பதிவானவை விரல்விட்டு எண்ணக்கூடிய சம்பவங்களே. ஒருவர் ரத்தம் இன்னொருவரின் புண்ணிலோ வாயிலோ பட வாய்ப்பிருந்த நிலைமைகள் அவை. வாயில் ரத்தக் கசிவோடு மென்று ஊட்டிய உணவால் சிறு குழந்தைகளுக்குப் பரவிய அரிதான நிகழ்வுகளும் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன. இவற்றை மறைக்க வேண்டிய அவசியமில்லை. ரத்தம் இல்லாமல் பரவல் இல்லை என்பதைத்தான் இந்த விதிவிலக்குகளும் சொல்கின்றன.

‘ஒட்டாது என்கிறீர்கள், பிறகு ஏன் டாக்டரும் நர்ஸும் கையுறை போடுகிறார்கள்?’ இதுவும் அடிக்கடி வரும் ஆட்சேபம். கையுறை எச்.ஐ.வி. நோயாளிக்கென்று போடுவது அல்ல. ரத்தத்தைத் தொடும் வேலையில் எந்த நோயாளியாக இருந்தாலும் போட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. நாடி பிடிக்கவும் தோளைத் தொடவும் கையுறை தேவையில்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறுதலாக மருத்துவப் பணியாளர் கையில் குத்தினால்கூட, ஆயிரம் முறைக்கு மூன்று முறை அளவில்தான் தொற்று உண்டாகிறது. தடுப்பூசி போடாதவருக்கு அதே குத்தில் மஞ்சள் காமாலை பி வருவதற்கு முந்நூறு முறை வரை வாய்ப்புண்டு. அந்த ஆயிரத்தில் மூன்றையும் தவிர்க்க வழி இருக்கிறது: 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வாதம் மிச்சமிருக்கும். எல்லாவற்றிலும் வலுவானது அதுதான். ‘சரி, டம்ளரால் ஒட்டாது. தனியாக வைத்தால் மட்டும் என்ன குறைந்துவிடும்?’ இதற்குப் பதில் சென்னையும் பங்கேற்ற ஓர் ஆய்வில் இருக்கிறது. தம்பதியரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை வைத்து ஒன்பது நாடுகளில் அது நடந்தது. சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் அதன் இந்திய மையங்களில் ஒன்று. தொற்றுள்ளவர்களில் பாதிப் பேருக்கு உடனே எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து. மறுபாதிக்கு அக்கால வழக்கப்படி எதிர்ப்பு அணுக்கள் குறைந்த பிறகு. 2011-இல் முடிவு வந்தபோது, துணையிடமிருந்தே வந்தது என்று உறுதியான தொற்றுகள் 28. அதில் 27 மருந்து தாமதமான பக்கத்தில். உடனே மருந்து தொடங்கிய பக்கத்தில் ஒன்றே ஒன்று. ஐரோப்பாவில் பின்னர் நடந்த ஆய்வுகள் இன்னும் ஒருபடி மேலே போயின. மருந்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தவர்களிடமிருந்து, ஆணுறை இல்லாத உடலுறவிலும் துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு, நோயுள்ளவர் தினமும் தவறாமல் விழுங்கும் அந்த மாத்திரைதான். 2004 ஏப்ரல் முதல் அது அரசு மையங்களில் இலவசம். நாட்டில் முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் தாம்பரமும் ஒன்று.

இனித் தனி டம்ளரின் வேலையைப் பாருங்கள். வீட்டில் ஒதுக்கப்பட்ட டம்ளரை வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கிறார்கள். தெருவுக்குத் தெரிகிறது. தறி கொடுத்த முதலாளிக்குத் தெரிகிறது. அதைக் கண்ணால் கண்ட இன்னொருவர், தனக்குச் சந்தேகம் வந்தாலும் பரிசோதனைக்குப் போகத் துணிவாரா? மருந்து வாங்க வரிசையில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஒருவர் மாதம் தள்ளுவார். விருந்தாளி வந்த வீட்டில் மாத்திரையை எடுக்க முடியாமல் ஒருவர் நாள் தள்ளுவார். மாத்திரை விட்டுப்போனால் அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்குப் பணியாத வகையாக மாறவும் செய்யும். அந்த நிலையில் ஆபத்து பக்கத்தில் டீ குடிக்கிறவருக்கு அல்ல, அவருக்கு அது எப்போதுமே இல்லை. ஆபத்து, எதுவுமே தெரியாத மனைவிக்கு, அல்லது கணவனுக்கு, பிறக்கப்போகும் பிள்ளைக்கு. டீக்கடைகளின் இரட்டைக் குவளையைச் சட்டமும் மனசாட்சியும் சேர்ந்து எதிர்த்த மாநிலம் இது. வீட்டுக்குள் நோயின் பெயரால் வைக்கப்படும் குவளை அவமானத்தோடு நிற்பதில்லை, நோயையும் பரப்புகிறது.

‘அப்படியென்றால் நோயை மறைத்து வைக்கச் சொல்கிறீர்களா? எங்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?’ என்று கோபமாகக் கேட்கிறவர்களும் உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்கு நிதானமான விடை வைத்திருக்கிறது. தொற்றுள்ளவர் தன் உடலுறவுத் துணைக்கு உண்மையைச் சொல்லவோ, பரவாமல் தடுக்கும் வழிகளைக் கையாளவோ கடமைப்பட்டவர். துணைக்குக் கடுமையான ஆபத்து இருந்து, ஆலோசனைக்குப் பிறகும் நோயாளி சொல்ல மாட்டார் என்று தெரிந்தால், நோயாளிக்கு அறிவித்துவிட்டு மருத்துவரே துணையிடம் சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. முதலாளிக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் பள்ளிக்கும் அந்த உரிமை கிடையாது. வேலைக்கு நிபந்தனையாகப் பரிசோதனை கேட்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வீட்டையும் படிப்பையும் சிகிச்சையையும் மறுக்கக் கூடாது. ஒருவர் நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. வைரஸ் போகக்கூடிய இடம் எதுவோ அங்கே தகவல் போக வேண்டும், போக முடியாத இடத்துக்குத் தகவலுக்கு வேலையில்லை என்று சட்டம் கோடு கிழித்திருக்கிறது. அறிவியல் கிழித்த கோடும் அதேதான்.

மருந்தின் வலிமைக்குத் தாயும் பிள்ளையும்தான் பெரிய சான்று. பத்து மாதம் ஒரே உடலில் வாழ்ந்து, பிரசவத்தில் தாயின் ரத்தத்தைக் கடந்து வந்து, அவள் பாலையும் குடிக்கும் உறவைவிட நெருக்கமானது வேறில்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று பெறக்கூடும். தாய் மருந்து சாப்பிட்டு, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது. மருந்து எடுக்கும் தாய் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கலாம் என்றே இன்றைய வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. இதற்குத் தேவை, கர்ப்பம் தெரிந்ததும் செய்யும் ஒரு ரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அது இலவசம், முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். தொற்று உண்டாகியிருக்கக்கூடிய சமயத்துக்கும் பரிசோதனைக்கும் இடையே சில வாரம் கழிந்தால்தான் முடிவை நம்ப முடியும் என்பதால், சந்தேகம் இருப்பவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்துக்கொள்வது வழக்கம். போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்கு முதலில் பேசலாம்.